கதவில் தொடங்குங்கள்: அம்பாசடர் பாடியைப் பொருத்தும் முறை

வெல்டிங் முடிந்துவிட்டது. பிளாட்ஃபார்மும் ரன்னிங் போர்டும் புதுத் தகரம். சுவரோரமாக நான்கு கதவுகள், இரண்டு மட்கார்டுகள், பானட், டிக்கி மூடி எல்லாம் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கட்டத்தில் பலருக்கும் வருகிற ஆசை ஒன்று உண்டு: ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயிண்ட் அடித்து, பளபளவென்று கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று. அதைச் செய்யாதீர்கள். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே வண்டி முழுவதையும் வெறும் தகரமாக ஒரு தடவை மாட்டி, இடைவெளிகளைச் சரிசெய்து, திரும்பக் கழற்ற வேண்டும். இரட்டை வேலை மாதிரி தெரியும். ஆனால் பெயிண்ட் அடித்த கதவை மரச்சுத்தியால் தட்டி வளைக்க முடியாது.

இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அந்த முதல் மாட்டலைப் பற்றியது. எடுத்துக்கொண்ட வண்டி அம்பாசடர். வீட்டு முற்றத்தில் வைத்துப் புதுப்பிக்க நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பழைய கார் அதுதான். 1958 முதல் 2014 வரை கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரானது. மூலம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. இதற்கு லாரிக்கு இருப்பது போல் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். அதனால் கதவு சரியாக மூடவில்லை என்றால் கோளாறு கதவில்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. வண்டியின் கூடே முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எவ்வளவு இடைவெளி சரி?

இன்றைய கார்களைப் பார்த்த கண்ணோடு அம்பாசடரை அளக்கக் கூடாது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே அதன் கதவு இடைவெளிகள் ஒரு சீராக இருந்ததில்லை. 4 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும். அதைவிட முக்கியம், ஒரே கோட்டில் இடைவெளி மேலே 3, கீழே 7 என்று கூம்பிப் போகாமல் இருப்பது. கண் அகலத்தை மன்னிக்கும், கூம்பலை மன்னிக்காது.

வெறும் தகரத்தில் பார்க்கும்போது உங்களுக்கு வேண்டியதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே விடுங்கள். பிரைமரும் பெயிண்டும் இரண்டு பக்க விளிம்பிலும் ஏறி அதைத் தின்றுவிடும்.

பாகம் வாங்கும்போது

புதிதாகச் செய்து விற்கும் மட்கார்டைவிட, கொஞ்சம் நசுங்கிய பழைய ஒரிஜினல் மட்கார்டு மேல். புதியவற்றில் பலதும் மெல்லிய தகரம். போல்ட் ஓட்டைகள் இடம் மாறியிருக்கும். ஹெட்லைட் வட்டம் கோணலாக இருக்கும். பழையதை டிங்கர் ஒரு நாளில் நிமிர்த்திவிடுவார். சென்னையில் புதுப்பேட்டையில் தேடினால் கதவும் டிக்கி மூடியும் கிடைக்கும். ரப்பர், பீடிங், கிளிப் வகைகளுக்கு ஜி.பி. ரோடு. போகும்போது உங்கள் பழைய பாகத்தின் போட்டோவையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மார்க் வண்டி என்றும் தெரிந்திருக்க வேண்டும். 1963-இல் வந்த மார்க் 2, 1975-இன் மார்க் 3, 1979-இன் மார்க் 4 என்று கிரில்லும் முன்முகமும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கடைக்காரர் எல்லாவற்றையும் "அம்பாசடர் கிரில்தான் சார்" என்றுதான் சொல்லுவார்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்து, 2021-இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் அடிப்படை. கூரையை வெட்டுவது, மட்கார்டை அகலப்படுத்துவது போன்ற ஆசைகளுக்கு அங்கே இடமில்லை.

கையில் இருக்க வேண்டியவை

அங்குல அளவு ரிங் ஸ்பானர் செட் முதல் தேவை. பழைய அம்பாசடரின் பாடி போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 ஸ்பானர், 5/16 போல்ட்டுக்கு 1/2 ஸ்பானர். 11 மில்லிமீட்டர் ஸ்பானரும் 7/16-இல் ஏறத்தாழ உட்காரும்; 13-ஐ 1/2-இல் போட்டால் கொஞ்சம் ஆடும், துருப்பிடித்த போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். முன்பு யாரோ மில்லிமீட்டர் போல்ட்டை வம்பாகத் திருகி வைத்திருக்கவும் கூடும் என்பதால், எடுத்த போல்ட்டை அப்படியே திரும்பப் போடாமல் மரையைப் பார்த்துவிடுங்கள்.

இதோடு: சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர், நாலைந்து வைஸ்கிரிப், மரச்சுத்தி, ஜாக்கி, கதவைத் தாங்க அகலமான மரக்கட்டை, மாஸ்கிங் டேப், பழைய போர்வைகள். கீலுக்கு அடியில் இடைவெளி நிரப்ப வைக்கும் ஷிம்முக்குத் தகரத் துண்டுகளை யு வடிவில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். 4, 5, 6 மில்லிமீட்டர் தடிமனில் அக்ரிலிக் பட்டைகள் வெட்டி வைத்துக்கொண்டால் இடைவெளியை அளக்கவும் ஆச்சு, பாகத்தை அதே தூரத்தில் நிறுத்திப் பிடிக்கவும் ஆச்சு.

பாதுகாப்பு

- வண்டிக்கு அடியில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்காதீர்கள். எடை தாங்கிக்கொண்டே இருந்து ஒரு நொடியில் உடையும். இரும்பு ஆக்சில் ஸ்டாண்டு மட்டும்தான்.
- பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கும்போது டிக்கிப் பக்கம் வெல்டிங்கோ கிரைண்டரோ கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி. கழற்றி, வேலை செய்யும் இடத்துக்கு வெளியே வையுங்கள்.
- திருத்த வெல்டிங் எதுவாக இருந்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். மேட்டுக்கு அடியில் புகைவது உடனே தெரியாது.
- லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. கிரைண்டர் லுங்கியைச் சுற்றிக்கொண்டால் நிறுத்த நேரம் இருக்காது. பருத்திப் பேண்ட், ஷூ, கண்ணாடி, தோல் கையுறை. நைலான், பாலியஸ்டர் துணி வெல்டிங் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.
- பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி எமரி பேப்பர் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.
- பானட்டையும் கதவையும் ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். நான்கு ஸ்டாண்டுகளை எங்கேயோ பாடிக்குக் கீழே கொடுத்துவிட்டு, கதவை மாட்டி, எல்லாம் அழகாகச் சேர்ந்துவிட்டது என்று மகிழ்வார்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கியதும் பின் கதவு மாட்டிக்கொண்டு திறக்காது. பாடி எந்த இடத்தில் எடையைத் தாங்குகிறதோ அதற்கேற்ப அது வளைகிறது. அதுவும் ரன்னிங் போர்டு மாற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வண்டி தன் சொந்தச் சக்கரத்தில், சமதளமான சிமென்ட் தரையில், நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கும்படி நிற்கட்டும். சக்கரம் இன்னும் மாட்டவில்லை என்றால் பின்னால் ஆக்சிலுக்கு அடியிலும் முன்னால் சஸ்பென்ஷன் கைகளுக்கு அடியிலும் ஸ்டாண்டு கொடுங்கள். எஞ்சின் உள்ளே இருந்தால் நல்லது. இல்லையென்றால் எஞ்சின் இருக்கும் இடத்தில் மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். எடை இல்லாத முன்பகுதி மேலே தூக்கி நிற்கும். அந்த நிலையில் பொருத்திய மட்கார்டு எஞ்சின் இறங்கியதும் கதவை இடிக்கும்.

நின்றாயிற்றா? இப்போது கதவு வாசல்களை அளக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் மேல் முன்மூலையிலிருந்து கீழ்ப் பின்மூலைக்கும், மேல் பின்மூலையிலிருந்து கீழ் முன்மூலைக்கும் குறுக்கே டேப்பைப் பிடியுங்கள். வாசல் செவ்வகம் இல்லை என்பதால் இரண்டு குறுக்களவும் ஒன்றுக்கொன்று சமமாக வராது. இடது வாசலின் அளவை வலது வாசலின் அதே அளவோடுதான் ஒப்பிட வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் கீலிலும் ஷிம்மிலும் சமாளித்துவிடலாம். 8, 10 என்று போனால் கதவைத் தொடாதீர்கள். வெல்டிங்கின்போது கூடு நகர்ந்திருக்கிறது. ரன்னிங் போர்டு வெல்டைத் திறந்து, வாசலுக்குக் குறுக்கே தாங்கு கம்பி கொடுத்து, அளவை மீட்டு, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். மனம் வராதுதான். ஆனால் இந்த இடத்தில் விட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு பாகத்திலும் அதே 10 மில்லிமீட்டர் உங்களைத் துரத்திக்கொண்டு வரும்.

மாட்டும் வரிசை

பின்னாலிருந்து முன்னால். பின் மட்கார்டுப் பகுதி அசையாத இடம், அதுதான் அடையாளம். பின் கதவு அதற்கும் ரன்னிங் போர்டுக்கும் சேர வேண்டும். முன் கதவு பின் கதவுக்குச் சேர வேண்டும். மட்கார்டு முன் கதவுக்கு, பானட் இரண்டு மட்கார்டுகளுக்கும் நடுவே, அதன் பின் கிரில், கடைசியாக பம்பர். டிக்கி மூடி இந்த வரிசையில் சேராது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

முன்பக்கம்தான் அழகு என்று மட்கார்டிலும் பானட்டிலும் தொடங்குபவர்கள் உண்டு. பின் கதவுக்கு வரும்போது எங்கும் நகர இடம் இருக்காது.

பின் கதவு

1. கீலைச் சோதியுங்கள். கதவை மாட்டுவதற்கு முன்பே கீலின் இரண்டு இதழ்களையும் கையில் பிடித்து மேலும் கீழுமாக, பக்கவாட்டாக ஆட்டிப் பாருங்கள். கீலின் ஊசி (பின்) தேய்ந்திருந்தால் சொடசொடவென்று ஆடும். இந்த ஆட்டம் கீலில் அரை மில்லிமீட்டர் என்றால் கதவின் மறுவிளிம்பில் பல மடங்காகத் தெரியும். லேத் பட்டறையில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த பின் கடைந்து தரச் சொல்லுங்கள். தேய்ந்த கீலோடு இடைவெளியைச் சரிசெய்வது வீண் வேலை.

2. பில்லருக்குள் இருக்கும் நட்டுத் தகடு அசைகிறதா என்று பாருங்கள். அது கொஞ்சம் மிதந்துகொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கதவை இடம் மாற்ற முடியும். துருவில் இறுகியிருந்தால் டீசலோ டபிள்யூடி-40-யோ ஊற்றி ஒரு இரவு விடுங்கள். திருகின் தலை பிடிகொடுக்கவில்லை என்றால் இம்பாக்ட் டிரைவர். சாதா ஸ்க்ரூ டிரைவரால் மல்லுக்கட்டினால் தலை வழுக்கிப்போய், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

3. ஸ்டிரைக்கரை, அதாவது கதவின் லாக் போய் மாட்டும் பாகத்தை, கழற்றிவிடுங்கள். பில்லரில் ஸ்டிரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து, தொங்கும் கதவையும் நேராக நிற்பது போல் காட்டும்.

4. ஜாக்கியின் மேல் மரக்கட்டை, அதன் மேல் போர்வை, அதன் மேல் கதவு. ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீல் திருகுகளைக் கைவிரலால் ஏற்றட்டும். எல்லாத் திருகும் மரையில் பிடித்த பிறகு, நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

5. கதவைச் சாத்தி, அக்ரிலிக் பட்டைகளை இடைவெளியில் செருகுங்கள். கீழே ரன்னிங் போர்டோடு ஒன்று, பின் வளைவில் ஒன்று, மேலே ஒன்று. சக்கர வளைவை ஒட்டிய அந்த வளைந்த விளிம்புதான் பின் கதவின் சோதனை. அங்கே சேர்ந்துவிட்டால் மற்ற இடங்கள் பெரும்பாலும் தாமாக வரும்.

6. கதவின் பின்விளிம்பு தொங்கினால், கீழ்க் கீலுக்கும் பில்லருக்கும் நடுவே ஷிம் வையுங்கள். ஷிம் கதவின் அடிப்பகுதியைப் பின்னோக்கித் தள்ளும், பின்விளிம்பு மேலேறும். தூக்கிக்கொண்டு நின்றால் ஷிம்மை மேல் கீலுக்கு மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஷிம், ஒரே கீல். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

7. தளமட்டம். கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தைப் பின் மட்கார்டிலிருந்து கதவுக்கு மெல்ல இழுங்கள். நகம் தட்டினால் கதவு வெளியே நிற்கிறது. சறுக்கி விழுந்தால் உள்ளே போயிருக்கிறது. வெறும் தகரத்தில் கதவு ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருப்பது நல்லது. புது ரப்பர் பீடிங் அதை வெளியே தள்ளும்.

8. இறுக்கியதும் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு கீலுக்கும் பில்லருக்கும் சேர்த்து 3 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். பெயிண்டுக்குப் பிறகு மாட்டும்போது அந்த ஓட்டையில் ஒரு ஆணியைச் செருகினால் கீல் பழைய இடத்திலேயே வந்து உட்காரும். பென்சில் கோடு பெயிண்டோடு போய்விடும், ஓட்டை போகாது.

இனி ஸ்டிரைக்கர். மாட்டி, கை இறுக்கம் மட்டும் கொடுத்து, கதவை மிக மெதுவாகச் சாத்துங்கள். லாக் ஸ்டிரைக்கருக்குள் நுழையும் கணத்தில் கதவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருங்கள். விளிம்பு சட்டென்று மேலே தூக்கினால் ஸ்டிரைக்கர் உயரத்தில் இருக்கிறது. கீழே அமுங்கினால் தாழ்வாக இருக்கிறது. கதவு மேலும் போகாமல், கீழும் போகாமல், நேராக உள்ளே சென்று "டொக்" என்று ஒரே சத்தத்தில் நிற்க வேண்டும். "டொ-டொக்" என்று இரண்டு சத்தம் வந்தால் லாக் தேய்ந்திருக்கிறது அல்லது இன்னும் முழுதாக உட்காரவில்லை. அறைந்து சாத்தித்தான் மூட முடிகிறது என்றால், ஸ்டிரைக்கரை ஒரு மயிரிழை வெளியே இழுங்கள். அம்பாசடர் என்றாலே கதவை அறைந்துதான் சாத்த வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்சி ஸ்டாண்டில் தேய்ந்த வண்டிகளைப் பார்த்துப் பழகியதன் விளைவு அது.

*குறிப்பு:* மேல் ஃபிரேம் மட்டும் கூரையைவிட்டு வெளியே நின்றால் கீலைத் தொட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கதவின் கீழ்ப்பகுதிக்கும் பாடிக்கும் நடுவே துணி சுற்றிய மரத்துண்டை வைத்து, ஃபிரேமின் மேல்மூலையை இரு கையாலும் நிதானமாக உள்ளே அழுத்துங்கள். கொஞ்சம் அழுத்தி, விட்டு, சாத்திப் பாருங்கள். ஒரே அழுத்தில் சரிசெய்யப் பார்த்தால் ஃபிரேம் அடியில் மடங்கிவிடும்.

முன் கதவு

முறை அதேதான். அடையாளம் மட்டும் இப்போது பின் கதவு. இரண்டு கதவுகளின் மேலும் ஓடும் பக்கவாட்டு மடிப்பு ஒரே கோடாகச் சேர வேண்டும். வண்டியிலிருந்து பத்தடி தள்ளி, குந்தி உட்கார்ந்து பாருங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்த மடிப்பு படி மாதிரி ஏறி இறங்கினால் தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் உதவிக்கு வந்த டிங்கர் "பட்டியில சரி பண்ணிக்கலாம் சார்" என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். பட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதிலும் கதவு விளிம்பில் கூடவே கூடாது; தினமும் சாத்தித் திறக்கும் அதிர்வில் முதலில் விரிசல் விடுவது அந்த விளிம்புப் பட்டிதான். விளிம்பில் இடைவெளி அதிகம் என்றால் மெல்லிய கம்பியை விளிம்போடு சேர்த்து வெல்டு வைத்து, கிரைண்டரில் சமன் செய்யச் சொல்லுங்கள். புள்ளிப் புள்ளியாக, சூடு ஆற விட்டு. தொடர்ச்சியாக வைத்தால் கதவுத் தகரம் அலை அலையாகிவிடும். தகரம் ஒட்டுப்போட வேண்டிவந்தால் வெளிப்பக்கத்துக்கு 20 கேஜ் போதும்.

நான்கு கதவும் நின்ற பிறகு கண்ணாடி, கிளாஸ் மெஷின், லாக் எல்லாவற்றையும் ஒரு கதவிலாவது தற்காலிகமாக ஏற்றிப் பாருங்கள். அந்த எடையில் கதவு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மற்ற கதவுகளை அந்த அளவு தூக்கி வைத்துக்கொள்ளலாம். புது ரப்பரையும் ஒரு முழம் வெட்டி ஒட்டிச் சாத்திப் பாருங்கள். ஒரு காகிதத்தை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்துச் சாத்தி இழுத்தால், கிழியாமல் ஆனால் பிடிமானத்தோடு வர வேண்டும்.

மட்கார்டு

மட்கார்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் நாலு இடத்தில் இருக்கின்றன: பானட் ஓரத்து வரிசை, கதவுப் பில்லர் பக்கம், கீழே ரன்னிங் போர்டு நுனி, முன்னால் கிரில் பக்கம். இதில் ஒரே ஒரு சட்டம்தான். கடைசி போல்ட் மரையில் ஏறும்வரை எந்த போல்ட்டையும் இறுக்கக் கூடாது. மேல் வரிசையை இறுக்கிவிட்டால் கீழே ஓட்டைகள் சேராது. பிறகு ஓட்டையைப் பெரிதாக்கும் யோசனை வரும்.

1. கதவு விளிம்பிலும் மட்கார்டு விளிம்பிலும் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப். வெறும் தகரம் என்றாலும் ஒட்டுங்கள், கதவு மூக்கு நசுங்காமல் இருக்கும்.
2. மட்கார்டைத் தூக்கி வைத்து, மேலே வைஸ்கிரிப்பால் துணி வைத்துப் பிடியுங்கள்.
3. எல்லா போல்ட்டையும் பெரிய வாஷரோடு கைவிரலால் ஏற்றுங்கள்.
4. கதவைச் சாத்தி, இடைவெளியில் 5 மில்லிமீட்டர் பட்டையை மேலும் கீழும் வைத்து, மட்கார்டை அதற்கு முட்டும்படி தள்ளுங்கள்.
5. இறுக்கும் வரிசை: பில்லர் பக்கம், கீழ் நுனி, பானட் ஓரம், கிரில் பக்கம்.
6. கதவை மெதுவாக முழுதும் திறந்து பாருங்கள். திறக்கும்போது கதவின் முன்விளிம்பு உட்பக்கமாகச் சுழலும். மட்கார்டின் உள்மடிப்பில் உரசினால் அங்கே பெயிண்ட் நிற்காது.

கழற்றும்போது மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே பீடிங் இருந்திருந்தால், இப்போதும் ஒரு துண்டு பழைய பீடிங்கை வைத்தே அளவு பாருங்கள். அதன் தடிமனை மறந்தால் கடைசியில் மட்கார்டு வெளியே தள்ளி நிற்கும்.

மட்கார்டுக்குப் பின்னால், கதவுப் பில்லருக்கு முன்னால் ஒரு பொந்து இருக்கிறது. சக்கரம் வாரியிறைக்கும் சேறெல்லாம் அங்கேதான் போய் அடையும். அம்பாசடர் துருப்பிடிக்கத் தொடங்கும் இடங்களில் அது முக்கியமானது. முதல் மாட்டலிலேயே அங்கே கைவிட்டுத் தடவி, கூரான வெல்டு முனை, திறந்த மூட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டைக் கழற்றிய பிறகு சீலர் பூசவேண்டிய பட்டியல் அது.

பானட்

அம்பாசடர் பானட் பெரியது, கனமானது, வளைவு அதிகம். கீல் கண்ணாடிப் பக்கம். இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். பின்மூலைகளில் தடித்த துணி கட்டிவிடுங்கள். கீல் போல்ட் ஏற்றும்போது அந்த மூலைதான் கண்ணாடிக்குக் கீழுள்ள தகரத்தைக் கீறும்.

1. பானட் லாக்கைக் கழற்றி வையுங்கள். சரியாக நிற்காத பானட் லாக்கில் மாட்டிக்கொண்டால் திறப்பது பெரும்பாடு.
2. கீல் போல்ட்டுகளை நடுவாந்திரமாக வைத்து, லேசாக இறுக்கி, மெதுவாக இறக்குங்கள். கடைசி அரை அடியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்த பிறகே முழுதும் மூடுங்கள்.
3. பின்விளிம்பு உயர்ந்து நின்றால் கீலில் சரிசெய்ய வேண்டும். முன்விளிம்பு உயர்ந்தால் ரப்பர் கட்டையிலும் லாக்கிலும்.
4. பக்க இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரவில்லையா? ஒரு மட்கார்டின் மேல் வரிசையைத் தளர்த்தி அதை நகர்த்துவது, பானட்டை வளைப்பதைவிட எளிது.
5. எல்லாம் சரியான பிறகு லாக். அதன் நடு ஊசி லாக் ஓட்டையின் நட்டநடுவில் இறங்க வேண்டும். அதன் நீளத்தைக் குறைத்துக் கூட்டித்தான் பானட் எவ்வளவு இறுக்கமாக அமரும் என்பதைத் தீர்மானிக்கிறோம். இரண்டாவது பிடியான கொக்கி வேலை செய்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஓடும் வண்டியில் பானட் திறந்து கண்ணாடியில் அடிப்பதைத் தடுப்பது அதுதான்.

டிக்கி, கிரில், பம்பர்

டிக்கி மூடியில் சண்டை குறைவு. கீலைத் தளர்த்தி இரண்டு பக்க இடைவெளியைச் சமமாக்கி, பிறகு லாக். முழு ரப்பரையும் ஒட்டித்தான் சோதிக்க வேண்டும். ரப்பர் இல்லாமல் அழகாகச் சேர்ந்த மூடி, ரப்பரோடு ஒரு விரல் தூக்கி நிற்கும். தாங்கு கம்பியை நம்பி உடனே தலையை உள்ளே விடாதீர்கள், கம்பி உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகு விடுங்கள்.

கிரில்லையும் பம்பரையும் இப்போது வெறுமனே தூக்கி வைத்துப் பார்த்தால் போதும். குரோம் பாகங்களைப் பாலிஷுக்கோ மறுபூச்சுக்கோ அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வளைந்த பம்பரை நிமிர்த்திய பின் குரோம் போட வேண்டும். போட்ட பின் நிமிர்த்தினால் பூச்சு உரியும்.

கழற்றி, பெயிண்ட் அடித்து, மறுபடி

ஒவ்வொரு பாகத்தின் ஷிம்மையும் போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு "இடது முன் கதவு, கீழ்க் கீல், 2 ஷிம்" என்று எழுதி வையுங்கள். கழற்றும்போதே போட்டோ எடுங்கள்.

கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள் பிரைமரிலும் சீலரிலும் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைபட்ட கதவு இரண்டு மழைக்காலத்தில் அடிவிளிம்பில் கொப்பளிக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டை வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது, கடையில் கிடைக்கும் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பாகங்களைப் பூத் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது மாட்டலில் வரிசை அதே. பெயிண்ட் கைக்குக் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இளசாகவே இருக்கும்; ஒரு வாரமாவது பொறுங்கள், இல்லையென்றால் வாஷர் அதில் புதைந்துவிடும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றி வையுங்கள். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ். மட்கார்டு பொந்திலும் கதவின் உட்பக்க அடியிலும் துருத்தடுப்பு மெழுகு அடித்து, அதற்குப் பிறகே மூடுங்கள்.

தண்ணீர் சோதனை

சீட்டும் மேட்டும் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே ஒருவர் தோட்டக் குழாயைத் திறந்து, கீழிருந்து மேலாக வரட்டும்: முதலில் கதவின் அடி, பிறகு பக்கம், கடைசியாகக் கூரையோரம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எங்கே நுழைந்தது என்று தெரியாது, எல்லா இடத்திலும் வழிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள்.

கதவோரத்தில் கசிந்தால் ஸ்டிரைக்கரை ஒரு நூல் உள்ளே தள்ளிப் பாருங்கள். ரப்பரை மாற்றுவது அதற்குப் பிறகு. கால் வைக்கும் இடத்தில் முன்னால் ஈரம் தெரிந்தால் கதவைச் சந்தேகிக்காதீர்கள், அது பெரும்பாலும் மட்கார்டுக்குப் பின்னாலுள்ள மூட்டிலிருந்தோ முன் கண்ணாடி ரப்பரிலிருந்தோ இறங்கி வருவது. டிக்கிக்குள் தண்ணீர் என்றால் மூடி ரப்பரின் இரண்டு முனைகளும் சேரும் ஒட்டைப் பாருங்கள். அந்த ஒட்டு கீல் பக்கம் இல்லாமல் லாக் பக்கம், அடியில் வரும்படி ஒட்டியிருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் பிளாட்ஃபார்மின் ரப்பர் அடைப்பான்களை எடுத்துவிட்டு, நான்கு கதவையும் திறந்து போட்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய விடுங்கள். மேட்டை மறுநாள் விரிக்கலாம்.